சக்கரத்தில் பட்டது தென்னை மட்டைதானா? ஓ.சி.டி.யோடு எனக்கு ஏற்பட்ட அனுபவம்

2018 நவம்பர். கஜா புயல் வந்து போய் மூன்று நாள் ஆகியிருந்தது. ஜிஎஸ்டி ரிட்டர்னுக்குக் கடைசி நாள் நெருங்கிவிட்டதால் மில்லில் உட்கார்ந்து கணக்கை முடித்துவிட்டு, வேடசந்தூரிலிருந்து திண்டுக்கல்லுக்கு நான் பைக்கில் கிளம்பும்போது ராத்திரி மணி ஒன்பதரை. வழியில் ஓர் இடத்தில் முன்சக்கரம் எதன் மீதோ ஏறி இறங்கியது. தொம் என்று ஒரு சத்தம். நூறடி தாண்டிய பிறகுதான் மனதில் அந்தக் கேள்வி வந்தது: யார் மேலாவது ஏற்றிவிட்டேனோ?

திரும்பிப் போய்ப் பார்த்தேன். புயலில் விழுந்த தென்னை மட்டை ஒன்று ரோட்டில் நசுங்கிக் கிடந்தது. அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடாவை இன்று நினைத்தாலும் நெஞ்சுக்குள் அதன் குளுமை தெரிகிறது. அடுத்த நான்கு வருடத்தை என்னிடமிருந்து பறித்தது அந்த நிம்மதிதான். அது எப்படி என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வேண்டாத எண்ணம் ஒன்று திரும்பத் திரும்ப வந்து, அதைத் தணிக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கிற மனநோய்க்குத்தான் ஓ.சி.டி. என்று பெயர்.

மறுநாள் அதே இடம் வந்ததும் வேகத்தைக் குறைத்து ரோட்டோரத்தைப் பார்த்தேன். அதற்கடுத்த நாள் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோதும் அதே சந்தேகம். ஒரு மாதத்துக்குள் ஜல்லிக்கல், வேகத்தடை, யாரோ விட்டுப்போன செருப்பு என்று சக்கரத்தில் எது பட்டாலும் வண்டியைத் திருப்ப ஆரம்பித்துவிட்டேன். நாலுவழிச் சாலையில் நினைத்த இடத்தில் திரும்ப முடியாது, அடுத்த பிரிவு வரைக்கும் போய்ச் சுற்றி எதிர்ப்பக்கம் வந்து, மறுபடியும் ஒரு சுற்று சுற்றி அந்த இடத்துக்கு வர வேண்டும். வந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. சரி என்று கிளம்பினால், இப்போது சுற்றி வந்தேனே, அதில் யாரையாவது இடித்திருந்தால்? முப்பத்தைந்து நிமிடத்தில் வீடு சேர வேண்டியவன் இரண்டு மணி நேரம் கழித்து வருவேன். வந்ததும் செல்போன் டார்ச்சை அடித்து டயரிலும் மட்கார்டிலும் ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பேன். செம்மண் ஒட்டியிருந்தால்கூட ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியை டியூப்லைட் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். காலையில் பேப்பர் வந்ததும் மாவட்டச் செய்திப் பக்கம். அடையாளம் தெரியாத வாகனம் மோதி முதியவர் பலி என்று எந்த ஊர்ச் செய்தி போட்டிருந்தாலும், நான் போகாத ஊராகவே இருந்தாலும், அன்றைக்குச் சோறு இறங்காது. ஒரு தடவை காவல் நிலைய வாசலில் முக்கால் மணி நேரம் நின்றேன், நேற்று ராத்திரி எங்கள் ரோட்டில் ஏதாவது நடந்ததா என்று கேட்க. உள்ளே போகத் தைரியம் வரவில்லை, திரும்பிப் போகவும் முடியவில்லை.

இதோடு கேஸ் ரெகுலேட்டர், வாசல் பூட்டு, மில்லில் வவுச்சர் எண்கள் என்று வேறு சில சேர்ந்துகொண்டன. அதையெல்லாம் விவரித்தால் பெரிதாகப் போகும். ரோடுதான் என்னை முழுசாகப் பிடித்தது.

ஓ.சி.டி. என்றால் சுத்தம் பார்க்கிறவர்கள், பேனாவை வரிசையாக அடுக்கி வைக்கிறவர்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். என் மேசை எப்போதும் குப்பையாகத்தான் இருக்கும். அதனால் எனக்கு வந்திருப்பதற்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தம் இருக்கும் என்று மூன்றரை வருடம் தோன்றவே இல்லை. நான் உள்ளுக்குள் கெட்டவன், மனசாட்சி என்னை விடமாட்டேன் என்கிறது, இதுதான் என் முடிவாக இருந்தது. யாரிடமாவது சொன்னால் நிஜமாகவே இடித்துவிட்டு மறைக்கிறான் என்று நினைப்பார்களோ என்று வாயைத் திறக்கவில்லை.

மனைவிக்கு மட்டும் தெரியும். தெரியும் என்றால், அவளும் அதற்குள் மாட்டிக்கொண்டிருந்தாள். வழியில் மூன்று நான்கு தடவை போன் செய்வேன். "ஒன்னும் ஆகியிருக்காதுல்ல?" "ஒன்னும் ஆகலைங்க, நீங்க வாங்க." அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் போன். அது பத்து நிமிடம் தாங்கும்.

நான் சிகிச்சைக்குப் போகக் காரணம் என் மகள். 2022இல் அவளுக்கு ஏழு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை முன்னால் உட்காரவைத்துக் கடைக்குப் போனேன். தெருமுனையில் சின்னக் கல்லில் வண்டி ஏறியது. நான் வாயைத் திறக்கவே இல்லை. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "அப்பா, திரும்பிப் போய்ப் பார்க்கணுமா?" என்று கேட்டாள். மிகச் சாதாரணமாக, எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்பதுபோல. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரியான இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் மூன்று தவறான இடங்களுக்குப் போனேன். எல்லோரும் இந்த வழியாகத்தான் போகிறார்கள் என்பதால் சொல்கிறேன். முதலில் பார்த்த டாக்டர் தூக்கம் வருகிறதா என்று கேட்டார், வரவில்லை என்றேன், மாத்திரை எழுதிக் கொடுத்தார், ஐந்து நிமிடத்தில் முடிந்தது. தூங்கினேன், எழுந்தேன், ரோடு அப்படியே இருந்தது. அம்மா ஒரு பெரியவரிடம் கூட்டிப்போய் மந்திரித்துக் கயிறு கட்டினாள். பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்று கட்டிய கயிற்றில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் சொந்தத்தில் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், எங்கேயாவது கொண்டுபோய்க் கொஞ்ச நாள் தங்கவைக்கலாமே என்றபோது என் தம்பி எழுந்து நின்று கத்தினான், ஏர்வாடி மறந்துபோச்சா என்று. 2001 ஆகஸ்டில் அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் பிடித்த தீயில், சங்கிலியால் கட்டப்பட்டு ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அன்று அவன் கத்தியதற்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

மூன்றாவது இடத்தில் ஆலோசகர் என்று போர்டு போட்டிருந்தார்கள். கையில் ரப்பர் பேண்டு மாட்டிக்கொள்ளுங்கள், அந்த எண்ணம் வரும்போது சுண்டிவிட்டு நிறுத்து என்று மனதுக்குள் சொல்லுங்கள் என்றார்கள். ஒரு காலத்தில் நிஜமாகவே இந்த முறை புழக்கத்தில் இருந்திருக்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். எனக்கு அது எண்ணெய் ஊற்றியதுபோல ஆனது. மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று நம் ஊரில் சொல்வார்களே, அதேதான். நினைக்கக் கூடாது என்று காவல் நிற்பதற்கே அந்த நினைப்பைக் கையில் வைத்திருக்க வேண்டும். மணிக்கட்டு சிவந்துபோனதுதான் மிச்சம்.

அப்புறம்தான் மதுரையில் ஒரு மனநல மருத்துவரையும், அவர் அனுப்பி வைத்த கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மேடத்தையும் பார்த்தேன். இந்த இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம் அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. மனநல மருத்துவர் எம்பிபிஎஸ் முடித்து மேலே படித்தவர், மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் உளவியல் படித்து அதில் மருத்துவமனைப் பயிற்சி எடுத்தவர், மருந்து எழுத மாட்டார், பரிசோதித்து மதிப்பிடுவார், பேச்சும் பயிற்சியும் கொண்டு சிகிச்சை தருவார். நம் நாட்டில் அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் தப்பே இல்லை. நான் கேட்டபோது மேடம் சிரித்துக்கொண்டே சுவரில் மாட்டியிருந்ததைக் காட்டினார்.

முதல் நாள் என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. கணக்கு எழுதிப் பழகிய கை, அதனால் தேதி, எந்த இடத்தில் திரும்பினேன், எத்தனை தடவை, எத்தனை நிமிடம் என்று கட்டம் போட்டு எட்டு மாதமாக எழுதி வைத்திருந்தேன். மேடம் அதை வாங்கிப் பொறுமையாகப் புரட்டினார். எண்ணம் நல்லதா கெட்டதா என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசிப் பத்தியைக் கூட்டச் சொன்னார். சராசரியாக ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் வந்தது.

"சார், யாரையாவது இடிச்சிட்டோமோன்னு வர்ற நினைப்பு நோய் இல்லை. அது எனக்கும் வரும்."

இதை அவர் சொன்னபோது நான் நம்பவில்லை. பிறகு விளக்கினார். 1978இல் ராக்மன் என்ற உளவியலாளரும், இலங்கையில் பிறந்து லண்டனில் வேலை செய்த பத்மல் டி சில்வா என்ற உளவியலாளரும் சேர்ந்து ஓர் ஆய்வு செய்தார்களாம். எந்த மனநோயும் இல்லாத சாதாரண மக்களிடம், வேண்டாத எண்ணங்கள் தானாக வருமா என்று கேட்டதில், ஐந்தில் நான்கு பேர் வரும் என்று சொன்னார்கள். மாடியில் நிற்கும்போது குதித்தால் என்ன, கையில் இருக்கும் குழந்தையைக் கீழே போட்டுவிட்டால் என்ன, கத்தியை யார் மேலாவது வீசிவிட்டால் என்ன என்பது மாதிரி. எண்ணத்தின் விஷயத்தை மட்டும் பார்த்தால் நோயாளியின் எண்ணம் எது, மற்றவர் எண்ணம் எது என்று பிரிப்பது கஷ்டம். மற்றவர்கள் சீ என்று தள்ளிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார்கள். நான் வண்டியைத் திருப்புகிறேன்.

அப்படியானால் எந்த இடத்தில் இது நோயாகிறது? அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிடும் டிஎஸ்எம் என்ற கையேட்டில் இதற்கு வரையறை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி என்ற நோய்ப் பட்டியலிலும் இருக்கிறது. மேடம் சொன்னதை நான் புரிந்துகொண்ட விதத்தில் சொல்கிறேன்: நினைப்பிலோ உணர்விலோ நடத்தையிலோ ஒரு கோளாறு இருக்க வேண்டும், அது ஆளுக்குப் பெரிய வேதனையைத் தர வேண்டும், அல்லது வேலை, குடும்பம், உறவு என்று ஏதாவது ஒன்றைக் கெடுக்க வேண்டும். ஓ.சி.டி.க்கு இதில் நேரக் கணக்கும் உண்டு. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் தின்றாலோ, வேதனையோ பாதிப்போ கணிசமாக இருந்தாலோ கவனிக்க வேண்டும். ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ தெரிகிற நோய் இல்லை இது. கேட்டு, பார்த்து, அளந்துதான் சொல்கிறார்கள். யேல்-பிரவுன் என்று ஓர் அளவுகோல், பத்துக் கேள்வி, மொத்தம் 40 மதிப்பெண். எனக்கு 29. கடுமை என்கிற வரிசையில் வந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது அந்த வரையறையின் இரண்டாவது பாதி. எதெல்லாம் நோய் இல்லை என்றும் அதில் சொல்லியிருக்கிறார்கள். நெருங்கியவர் இறந்துபோனால் வருகிற இயல்பான துக்கம் நோய் இல்லை. ஊரோடு ஒத்துப்போகாமல் இருப்பது, அரசியலிலோ மதத்திலோ காமத்திலோ மற்றவர்களைப்போல இல்லாமல் இருப்பது, அது மட்டுமே நோயாகாது. இந்தக் கோடு ஆகாயத்திலிருந்து விழுந்ததில்லை, மனிதர்கள் போட்டது, மாற்றியும் போட்டிருக்கிறார்கள். தன்பாலின ஈர்ப்பை நோய் என்று எழுதி வைத்திருந்தவர்கள் 1973இல் அதை நீக்கினார்கள். ஓ.சி.டி.யையே 2013 வரைக்கும் பதற்ற நோய்களோடு வைத்திருந்து, டிஎஸ்எம் ஐந்தாம் பதிப்பில்தான் தனி அத்தியாயம் கொடுத்தார்கள். அப்படியென்றால் இதெல்லாம் சும்மாவா என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் கெட்டவன் என்ற தீர்ப்போடு நான்கு வருடம் இருந்தவனுக்கு, இது இன்ன கோளாறு, இதற்கு இன்ன சிகிச்சை என்று ஒருவர் சொன்னது தலையில் இருந்த நெல் மூட்டையை இறக்கி வைத்ததுபோல இருந்தது. அன்று அந்த அறையில் உட்கார்ந்து அழுதேன்.

ஏன் வருகிறது என்பதற்கு ஒற்றைப் பதில் இல்லை. குடும்பத்தில் ஓடும் என்கிறார்கள். எங்கள் தாத்தா ராத்திரி வாசல் பூட்டைப் பத்துத் தடவைக்கு மேல் இழுத்துப் பார்ப்பார், வெளியூர் போனால் பாதி வழியிலிருந்து திரும்பி வருவார். அந்தக் காலத்தில் அதற்கு உஷார் பேர்வழி என்று பெயர். மூளையில் முன்பகுதிக்கும் உள்ளே இருக்கிற சில பகுதிகளுக்கும் நடுவில் ஓடுகிற ஒரு சுற்று, ஏதோ தப்பு நடந்துவிட்டது என்ற மணியை நிறுத்தாமல் அடிக்கிறது என்று ஒரு விளக்கம். சால்கோவ்ஸ்கிஸ் என்ற உளவியலாளர் 1985இல் சொன்னது, என்னை நேரில் பார்த்துச் சொன்னதுபோல இருந்தது: இந்த நோய் உள்ளவர்களுக்குப் பொறுப்புணர்ச்சி அளவுக்கு மீறி வீங்கியிருக்கிறது, ஒரு தீங்கைத் தடுக்க ஒரு சதவீத வாய்ப்பு தன் கையில் இருந்தாலும் முழுப் பழியும் தன்மேல்தான் என்று நினைக்கிறார்கள். கெட்டவர்களைவிட மனசாட்சி அதிகம் உள்ளவர்களிடம்தான் இது இப்படி வேலை செய்கிறது.

இதெல்லாம் எப்படி ஆரம்பித்தது என்பதற்கான விளக்கம். ஏன் நிற்காமல் போகிறது என்பதற்குத்தான் அந்த அப்பாடா. பயம் வருகிறது, திரும்பிப் போய்ப் பார்க்கிறேன், பயம் இறங்குகிறது. இறங்கியதும் மூளை ஒரு பாடம் படித்துக்கொள்கிறது: பார்த்ததால்தான் தப்பித்தோம், அடுத்த தடவையும் பார்க்க வேண்டும். மேடம் ஒரு காகிதத்தில் வட்டம் போட்டு அம்புக்குறி வரைந்தார். நான் கந்துவட்டிக் கணக்கில் எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவை சரிபார்க்கும்போதும் இன்றைய வட்டியைக் கட்டிவிட்டு வருகிறேன், அசல் குறையவே இல்லை, அடுத்த நாள் வட்டி கூடியிருக்கிறது. மனைவிக்குச் செய்கிற போன், பேப்பர், டார்ச் வெளிச்சம், மனதுக்குள் பாதையை ரீவைண்ட் செய்து ஓட்டிப் பார்ப்பது, எல்லாமே வட்டிதான். அந்த ரீவைண்டையும் ஒரு செயலாக எண்ண வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. வெளியே யாருக்கும் தெரியாமல் மனதுக்குள் மட்டும் சடங்கு செய்துகொண்டிருக்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு.

சிகிச்சைக்கு ஈஆர்பி என்று பெயர். பயப்படுகிற விஷயத்துக்கு முன்னால் வேண்டுமென்றே போய் நிற்பது, நின்றபிறகு வழக்கமாகச் செய்கிற சடங்கைச் செய்யாமல் இருப்பது. 1966இல் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் லண்டனில் இரண்டு நோயாளிகளுக்கு இதைச் செய்து பார்த்து எழுதினார். அதற்குமுன் ஓ.சி.டி. கிட்டத்தட்டத் தீராத நோய் என்றுதான் கருதப்பட்டது.

முதலில் ஏணி மாதிரி ஒரு பட்டியல் போட்டோம். ஒவ்வொன்றுக்கும் பயம் நூற்றுக்கு எவ்வளவு என்று நானே மதிப்பெண் கொடுக்க வேண்டும். கேஸை ஒரு தடவை மூடிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கிளம்புவது 30. பகலில் கண்ணாடியைப் பார்த்து ஓரத்தைச் சோதிக்காமல் பைக் ஓட்டுவது 50. ராத்திரி வேகத்தடை தாண்டித் திரும்பாமல் வருவது 80. நான் இன்று ஒருவரை இடித்துவிட்டு வந்திருக்கலாம் என்று என் கையால் எழுதிச் சத்தமாக வாசிப்பது 90. கீழ்ப்படியிலிருந்து ஆரம்பித்தோம். ஆபத்தான எதையும் செய்யச் சொல்ல மாட்டார்கள். கண்ணாடியைப் பார்க்காமல் ஓட்டு என்று அர்த்தம் இல்லை, எல்லோரும் பார்க்கிற அளவுக்குப் பார், பிணம் கிடக்கிறதா என்று தேடாதே என்பதுதான்.

ஏழாவது வாரம் மேடம் ஒரு விஷயம் சொன்னார். உங்கள் தெருவில் ஒரு தென்னை மட்டையைப் போட்டு அதன் மேல் வண்டியை ஏற்றி இறக்குங்கள், இறக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள்.

ராத்திரி எட்டரைக்கு மனைவி பக்கத்துத் தோட்டத்திலிருந்து மட்டையை இழுத்து வந்து தெருவிளக்குக்கு அந்தப் பக்கம் இருட்டில் போட்டாள். போட்டது அவள்தான், பக்கத்தில் நிற்பதும் அவள்தான், எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் வண்டியைக் கிளப்பும்போது கிளட்ச் பிடித்த கை வேர்த்து வழுக்கியது. சக்கரம் ஏறி இறங்கியது. அதே தொம். அடுத்த நொடி என் மனம் சொன்னது: மட்டையைப் போட்டாள் சரி, நடுவில் ஒரு குழந்தை ஓடி வந்திருந்தால்? மெயின் ரோட்டு டீக்கடை வரைக்கும் போய் உட்கார்ந்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பயத்தின் மதிப்பெண்ணை நோட்டில் எழுத வேண்டும். 85. 90. 90. டீ வந்தது, குடிக்க முடியவில்லை, மேலே ஆடை கட்டியது. 85. சட்டைப் பையில் இருக்கும் போனை எடுத்து ஒரே ஒரு தடவை கேட்டுவிடலாமா என்று விரல் போய்ப் போய் வந்தது. 80. 75. நாற்பது நிமிடத்தில் 50. கடைக்காரர் வேறு டீ போட்டுக் கொடுத்தார், ஏன் என்று கேட்கவில்லை. ஒரு மணி நேரம் பத்து நிமிடம் கழித்து 35க்கு வந்தபோது எழுந்து, வேறு தெரு வழியாக வீட்டுக்குப் போனேன், அந்த இடத்தைப் பார்க்கக் கூடாது என்பதால். நான்கு வருடத்தில் முதல் தடவையாக ஒன்றும் செய்யாமலேயே பயம் தானாக இறங்கியது அன்றுதான். எல்லா நாளும் அப்படி இறங்கவில்லை. சில நாள் 70லேயே நின்றது, அப்படியே தூங்கப் போனேன். அதுவும் சரிதான் என்றார் மேடம். பயத்தை வைத்துக்கொண்டே சாப்பிடலாம், கணக்கு எழுதலாம், பிள்ளைக்குக் கதை சொல்லலாம் என்று கற்றுக்கொண்டால் போதும்.

வீட்டில் இருப்பவர்கள் இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள். ஒன்னும் ஆகலைங்க என்று அவள் சொன்ன ஒவ்வொரு ஆறுதலும் அன்பினால் சொன்னது, நோய்க்குத் தீனி போட்டதும் அதுதான். மூன்றாவது அமர்வில் மேடம் அவளையும் கூப்பிட்டு உட்காரவைத்து, எங்கள் மூன்று பேருக்கும் நடுவில் ஓர் ஒப்பந்தம் போட்டார். இனிமேல் நான் கேட்டால் அவள் சொல்ல வேண்டியது: "ஆகியிருக்கலாம், ஆகாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. ஆனா நீங்க இதைத் தாங்கிக்குவீங்க." முதல் தடவை போனில் அதைச் சொல்லிவிட்டு அவள் அழுதுவிட்டாள், உங்களை நடுரோட்டில் விட்டதுபோல இருக்கிறது என்றாள். நானும் கோபப்பட்டேன். ஆனால் நோயாளியிடம் சொல்லாமல் திடீரென்று ஒரு நாள் ஆறுதலை நிறுத்தினால் அது தண்டனையாகிவிடும். முன்கூட்டியே பேசி, அவர் சம்மதத்தோடு, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

மாத்திரையைப் பற்றி. எனக்குக் கொடுத்தது ஃப்ளுவாக்சடின், 20 மில்லிகிராமில் ஆரம்பித்து 60 வரை ஏற்றினார்கள். மனச்சோர்வுக்குத் தருவதைவிட ஓ.சி.டி.க்குப் பொதுவாக அளவு கூடுதலாக வேண்டியிருக்கும், பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். இதை யாரும் முன்பே சொல்லாவிட்டால் மூன்றாவது வாரத்திலேயே வேலை செய்யவில்லை என்று நிறுத்திவிடுவோம். எனக்கு முதல் பத்து நாள் குமட்டல், தூக்கம் கெட்டது, தாம்பத்தியத்திலும் கொஞ்சம் பிரச்சினை இருந்தது. வெட்கப்படாமல் டாக்டரிடம் சொன்னேன், மாத்திரை எடுக்கும் நேரத்தை மாற்றினார், மற்றதற்கும் வழி சொன்னார். மாத்திரை மூளையை மாற்றும், பேச்சும் பயிற்சியும் வெறும் ஆறுதல் என்று ஒரு எண்ணம் நம்மிடம் உண்டு. 1992இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் செய்த ஆய்வில், ஓ.சி.டி. நோயாளிகளின் மூளையைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஸ்கேன் எடுத்தார்கள். ஃப்ளுவாக்சடினில் தேறியவர்களுக்கும் சரி, பயிற்சியில் மட்டுமே தேறியவர்களுக்கும் சரி, மூளையின் ஒரே பகுதியில் அளவுக்கு மீறிய இயக்கம் குறைந்திருந்தது. டீக்கடையில் சும்மா உட்கார்ந்திருந்ததும் ஒரு மருந்துதான்.

2023 ஆடியில் நன்றாகத்தானே இருக்கிறோம் என்று நானாகவே மாத்திரையை நிறுத்தினேன். தலைசுற்றல், எரிச்சல், ஆறாவது வாரம் மறுபடியும் டயரில் டார்ச். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். நிறுத்த வேண்டும் என்றால் டாக்டரோடு பேசி, மாதக்கணக்கில் மெல்ல இறக்க வேண்டும்.

செலவைப் பற்றிக் கேட்பார்கள். எனக்குப் பதினெட்டு அமர்வு ஆனது, தனியாரில் போனதால் சுலபமாக இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, மாத்திரை இலவசம். எங்கே போவது என்றே தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரத்திலும் பேசலாம், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள், அந்த நிமிடமே அழையுங்கள், அல்லது பக்கத்தில் இருப்பவரைக் கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். எனக்கும் அப்படி இரண்டு ராத்திரி வந்திருக்கிறது. மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்கள், 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி உடல் நோய்க்குத் தருவதுபோலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மனநோய் என்றால் கிடையாது என்று ஏஜென்ட் சொன்னால் அதை எழுத்தில் கேளுங்கள்.

புதிதாக ஒருவரிடம் சிகிச்சைக்குப் போகும்போது, ஓ.சி.டி.க்கு ஈஆர்பி செய்வீர்களா என்று நேரடியாகக் கேளுங்கள். வாரா வாரம் உங்கள் கவலையைக் கேட்டு, அப்படியெல்லாம் ஒன்றும் ஆகாது என்று ஆறுதல் மட்டும் சொல்லி அனுப்பினால் அதுவும் ஒரு சரிபார்ப்பாக மாறிவிடும், காசு கொடுத்து வட்டி கட்டுவதுபோல. போவதற்கு முன் ஒரு வாரம் நேரக் கணக்கு எழுதி எடுத்துப் போங்கள். எத்தனை நிமிடம் என்பது எத்தனை பயம் என்பதைவிட நம்பகமாகப் பேசும்.

இப்போது எனக்கு யேல்-பிரவுன் மதிப்பெண் 11. லேசானது என்கிற வரிசை. மாத்திரை 40க்கு இறங்கியிருக்கிறது. எண்ணம் நின்றுவிட்டதா என்று கேட்டால், இல்லை.

போன மாதம் மழை நாளில், குஜிலியம்பாறை ரோடு பிரிகிற இடம் தாண்டி வந்துகொண்டிருந்தேன். தண்ணீர் தேங்கியிருந்த இடத்தில் சக்கரம் எதிலோ ஏறி இறங்கியது. அந்தக் கேள்வி உடனே வந்தது, பழைய கேள்விதான், ஒரு எழுத்து மாறவில்லை. கண்ணாடியில் லாரியின் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. இடித்திருக்கலாம், இடிக்காமலும் இருக்கலாம் என்று ஹெல்மெட்டுக்குள் சத்தமாகச் சொல்லிக்கொண்டு வண்டியை ஓட்டினேன். திரும்ப வேண்டிய பிரிவு வந்தது, தாண்டிப் போனது. பேருந்து நிலையம் பக்கத்தில் நிறுத்தி பரோட்டா பார்சல் வாங்கினேன், கை லேசாக நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. வீட்டு வாசலில் வண்டி சத்தம் கேட்டதும் மகள் ஓடி வந்தாள். இப்போது ஐந்தாம் வகுப்பு. ஹேண்டில்பாரில் தொங்கிய பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "சால்னா ரெண்டு பாக்கெட்தான் குடுத்தாங்களாப்பா?" என்று கேட்டாள்.